ஸ்டியரிங் ஆடுகிறதா? எங்கே ஆடுகிறது என்று முதலில் பாருங்கள்

ஏஜாக்ஸிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

“இந்த வசந்தத்தில் 19 அடிப் படகு ஒன்று பாவித்ததாக வாங்கினேன். 1998ஆம் ஆண்டுப் படகு. மேர்க்குறூசர் 4.3 வி-6 இஞ்சின், அல்ஃபா வன் டிரைவ், பவர் ஸ்டியரிங். சனி, ஞாயிறுகளில் குடும்பத்தோடு சிம்கோ ஏரியில் ஓடுகிறோம். ஸ்டியரிங் சக்கரத்தைக் கால் சுற்றுத் திருப்பிய பிறகுதான் படகு கேட்கிறது. மெதுவாகப் போனால் மூக்கு இடமும் வலமும் அலைகிறது. கூச்சிச்சிங் ஏரியைத் தாண்டி வெட்டுக் கால்வாய்க்குள் போனபோது நேராக ஓட்டவே முடியவில்லை. ஒரு மரீனாவில் ஹைட்றோலிக் ஸ்டியரிங் பூட்டச் சொல்கிறார்கள். நண்பர் ஒருவர் பின்னால் இரண்டு நட்டை இறுக்கினால் சரி என்கிறார். இஞ்சினையே இறக்க வேண்டும் என்று ஒரு காணொளி சொல்கிறது. இன்னொன்றில் துளை போட்டு போல்ட் ஒன்றைக் குறுக்கே செருகிவிடுகிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது அண்ணை? இந்தப் படகில் பிள்ளைகளை ஏற்றலாமா?”

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கே ஆடுகிறது என்று தெரியும்வரை பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். தனியாகப் போனாலும் வேகம் எடுக்க வேண்டாம். உங்கள் படகில் சுக்கான் என்று தனியாக ஒன்றும் கிடையாது. புறொப்பெல்லரைத் தாங்கிக்கொண்டு வெளியே தொங்கும் டிரைவ்தான் மொத்தமாகத் திரும்புகிறது. அதைப் பிடித்திருக்கும் இடம் விட்டுப்போனால், சுழலும் புறொப்பெல்லரின் விசையே டிரைவை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். வேகமாக ஓடும் படகு அந்த நொடியில் சுருண்டு திரும்பும். உள்ளே இருப்பவர்கள் தண்ணீரில் கிடப்பார்கள். இஞ்சினை நிறுத்தும் சிவப்புக் கயிறு படகில் இருக்கும்தானே, அதை எப்போதும் உடம்பில் மாட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலான படகுகளில் அது கையுறைப் பெட்டிக்குள்தான் தூங்குகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியது ஒரு முறைப்பாடு போலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. சக்கரத்தில் ஆட்டம் இருப்பது ஒன்று. மெதுவாகப் போகும்போது மூக்கு அலைவது மற்றது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அலைவதை முதலில் முடித்துவிடுகிறேன். அடி ஆழமான வி வடிவப் படகு, பின்னால் ஸ்டேர்ன்டிரைவ் (நான் சொன்ன அந்த வெளியே தொங்கும் டிரைவ்), கீழே படகை நேராக வைத்திருக்கும் நீளமான கீல் எதுவும் இல்லை. இப்படிப்பட்ட படகு தொழிற்சாலையிலிருந்து இன்றைக்கு வந்ததாக இருந்தாலும் மெதுவாக ஓடும்போது அலையும். ட்றென்ட்-செவர்ன் நீர்வழியின் வெட்டுக் கால்வாய்களில் மணிக்கு 10 கிலோமீற்றர்தான் அனுமதி. அந்த வேகத்தில் தண்ணீர் படகின் அடியைப் பிடித்து வைத்திருக்காது. மூக்கு இடப்பக்கம் போகிறது என்று நீங்கள் வலப்பக்கம் திருப்புவீர்கள். படகு கேட்பதற்கு ஓரிரு விநாடி எடுக்கும். அதற்குள் பொறுக்காமல் இன்னும் கொஞ்சம் திருப்புவீர்கள். அப்புறம் அது வலப்பக்கம் கூடப் போகும். இப்படியே கால்வாய் முழுவதும் பாம்பு போக்குத்தான். டிரைவை முழுதாகக் கீழே இறக்கி வையுங்கள். மூக்கைப் பார்க்காமல் தூரத்தில் கரையில் ஒரு மரத்தைக் குறி வைத்துக்கொண்டு, சக்கரத்தைச் சிறிதாகத் திருப்பிவிட்டுக் காத்திருங்கள். பாதி அலைச்சல் அதிலேயே அடங்கும். மெதுவோட்டத்துக்கென்று டிரைவில் பூட்டும் சிறு சுக்கான் தகடுகளும் கடையில் கிடைக்கின்றன. அவை வேலை செய்கின்றன, ஆனால் ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கும்போது அதைப் பூட்டுவது வீண் செலவு. சக்கரத்தில் கால் சுற்று ஆட்டம் இருந்தால் நான் சொன்ன அந்தச் சிறு திருத்தமே சாத்தியமில்லை. உங்கள் அலைச்சலில் ஒரு பங்கு படகின் குணம், மறு பங்கு தேய்மானம் என்றுதான் நினைக்கிறேன்.

தேய்மானத்துக்கு வருகிறேன். எதையும் வாங்குவதற்கு முன்னால் இந்தச் சங்கிலியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் டாஷ்போர்டுக்குள் இருக்கும் பற்சக்கரப் பெட்டியை ஹெல்ம் என்பார்கள். அதிலிருந்து ஒரு தடித்த கேபிள் படகின் ஓரமாகப் பின்னால் போகிறது. அது இஞ்சினுக்குப் பின்னால் பவர் ஸ்டியரிங் வால்வில் போய்ச் சேர்கிறது. வால்வோடு ஒட்டியபடி ஒரு ஹைட்றோலிக் சிலிண்டர். சிலிண்டரின் தண்டு ஒரு கிளெவிஸ் பின் (குறுக்கே செருகும் இணைப்பு ஆணி) மூலம் ஸ்டியரிங் லீவரைத் தள்ளி இழுக்கிறது. லீவர் ஒரு நிமிர்ந்த தண்டைத் திருப்புகிறது. சுவிவல் ஷாஃப்ட் என்று சொல்லும் அந்தத் தண்டு ட்றான்சத்துக்கு, அதாவது படகின் பின்சுவருக்கு, வெளியே வந்து கிம்பல் றிங் என்ற அலுமினிய வளையத்தைத் திருப்புகிறது. அந்த வளையத்தில்தான் டிரைவ் தொங்குகிறது. வொல்வோ பென்ரா 1959இல் அக்குவாமற்றிக் என்ற டிரைவைக் கொண்டுவந்து, 1961இல் மேர்க்குறூசர் வந்த நாளிலிருந்தே இந்த வகை டிரைவ்களுக்கு இது ஒரு தலைவலி. மனிதன் கையால் கொடுக்கும் விசையும், புறொப்பெல்லர் திருப்பித் தள்ளும் விசையும் கடைசியில் ஒரே ஒரு சிறிய மூட்டு வழியாகத்தான் போய்வர வேண்டும்.

மரீனாவில் சொன்ன ஹைட்றோலிக் ஸ்டியரிங் இந்தச் சங்கிலியில் எதை மாற்றும்? ஹெல்மையும் கேபிளையும் மட்டும். ஆட்டம் பின்பக்கம் கிம்பல் றிங்கில் இருந்தால், நீங்கள் பெரிய தொகை கொடுத்து முன்பக்கத்தைப் புதிதாக்கிவிட்டு அதே ஆட்டத்தோடு ஏரிக்குப் போவீர்கள். அவர்கள் படகைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்களா, விலைப்பட்டியலைப் பார்த்துச் சொன்னார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. ஆனால் எந்த மூட்டு ஆடுகிறது என்று காட்டாமல் ஒருவர் விலை சொன்னால், அந்த விலையை நான் கணக்கில் எடுக்கமாட்டேன்.

சோதனை செய்ய உங்களுக்குத் தேவை இன்னொரு ஆள், ஒரு டோர்ச், உங்கள் கைத்தொலைபேசி. படகு ட்றெயிலரில் இருக்கட்டும், சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள், சாவியைக் கழற்றிப் பையில் போடுங்கள். டிரைவ் நேராகவும் கீழேயும் இருக்கட்டும். நண்பர் சக்கரத்தை அசையாமல் பிடிக்கட்டும். நீங்கள் பின்னால் நின்று டிரைவின் வாலை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். முரட்டுத்தனமாக வேண்டாம், ஆனால் மனது வைத்து ஆட்டுங்கள். எவ்வளவு அசைகிறது என்று பாருங்கள். பிறகு ஆளை மாற்றுங்கள். நண்பர் வெளியே ஆட்டட்டும், நீங்கள் இஞ்சின் மூடியைத் திறந்து உள்ளே குனிந்து, இஞ்சினுக்கும் ட்றான்சத்துக்கும் இடையில் மேற்பக்கம் இருக்கும் அந்த ஸ்டியரிங் லீவரைத் தேடுங்கள். கண் போகாத இடம். தொலைபேசியை உள்ளே நீட்டி விளக்கைப் போட்டுக் காணொளி எடுத்துவிடுங்கள். பிறகு ஆறுதலாக இருந்து பார்க்கலாம்.

வெளியே டிரைவ் நன்றாக ஆடுகிறது, உள்ளே லீவர் அசையவே இல்லை என்றால், தேய்ந்தது சுவிவல் ஷாஃப்டும் கிம்பல் றிங்கும் சேரும் இடம். லீவரை ஷாஃப்டோடு பிடித்திருக்கும் நட்டு தளர்ந்தாலும் இதே அறிகுறிதான், அதையும் ஒருமுறை பார்க்க வேண்டும். லீவர் டிரைவோடு சேர்ந்து அசைகிறது, ஆனால் சிலிண்டர் தண்டு அசையவில்லை என்றால் கிளெவிஸ் பின்னும் அதன் புஷ்களும் போயிருக்கின்றன. இது மலிவான, அரை நாள் வேலை. சிலிண்டரும் வால்வும் மொத்தமாக அசைந்தால், அவற்றை உள் ட்றான்சம் தட்டில் பிடித்திருக்கும் மேல் கீழ்ப் பிவற் போல்ட்களைப் பாருங்கள். இவையெல்லாம் ஒன்றாக ஒழுங்காக அசைந்து, நண்பர் பிடித்திருக்கும் சக்கரம் மட்டும் அசையவில்லை என்றால் கேபிளோ ஹெல்மோதான். சக்கரத்தைச் சாய்க்கும் டில்ட் பொறி உங்கள் படகில் இருந்தால் அதன் மூட்டையும் ஆட்டிப் பாருங்கள். பலர் கேபிள் மாற்றிய பிறகுதான் அதைக் கவனிக்கிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். இஞ்சின் நின்றிருக்கும்போது பவர் ஸ்டியரிங் வால்வுக்குள் கொஞ்சம் அசைவு இருப்பது இயல்பு. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். சக்கரத்தின் விளிம்பில் ஓரிரு விரல் அகல ஆட்டம் இருந்தால் இந்த வயதுப் படகுக்கு நான் கவலைப்படமாட்டேன். நீங்கள் சொல்லும் கால் சுற்று அந்தக் கணக்கில் வராது.

பவர் ஸ்டியரிங் பற்றிப் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இந்த வால்வைத் திறப்பது கேபிளின் உள்ளே இருக்கும் கம்பி என்று நினைப்பீர்கள். உண்மையில் கேபிளின் வெளி உறைதான் சிறிதளவு முன்னும் பின்னும் நகர்ந்து வால்வைத் திறக்கிறது. மிகச் சிறிய அசைவுதான். ஆனால் அந்த அசைவுக்கு இடம் வேண்டும். முன்னைய சொந்தக்காரர் யாராவது ‘வடிவாக இருக்கட்டும்’ என்று பற்றரி வயரையும் கியர் கேபிளையும் ஸ்டியரிங் கேபிளோடு சேர்த்துப் பிளாஸ்ரிக் கட்டுப் போட்டு இறுக்கியிருந்தால், வால்வு ஒழுங்காகத் திறக்காது. சக்கரம் ஒரு பக்கம் கனக்கும், மறு பக்கம் லேசாகப் போகும், அல்லது பிந்திக் கேட்கும். பம்ப் கெட்டுவிட்டது என்று சொல்லிப் பம்ப் மாற்றுவார்கள். கத்தரிக்கோலோடு உள்ளே போய், இஞ்சின் அறைக்குள் ஸ்டியரிங் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருக்கும் எல்லாக் கட்டையும் வெட்டிவிடுங்கள். கேபிளை வால்வில் பிடித்திருக்கும் பெரிய நட்டு தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது தளர்ந்தாலும் சக்கரத்தில் ஆட்டம் தெரியும். அதற்குப் பூட்டுத் தகடு அல்லது உறை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்கிப் போடுங்கள்.

பம்ப் ஒயிலையும் பார்க்க வேண்டும். மூடியிலேயே அளவு குச்சி இருக்கும். ஒயில் நுரைத்திருந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது. அளவை நிரப்பி, இஞ்சினை ஓட்டியபடி சக்கரத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஆறுதலாகப் பலமுறை திருப்பினால் காற்று வெளியேறும். ட்றெயிலரில் வைத்து ஓட்டுவதானால் டிரைவில் தண்ணீர்க் குழாய்க் கவ்வியை மாட்டி, தண்ணீரைத் திறந்த பிறகுதான் இஞ்சினை இயக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் டிரைவுக்குள் தண்ணீரை இறைக்கும் றப்பர் இம்பெல்லர் கொஞ்ச நேரத்தில் போய்விடும். அதன் துண்டுகள் போய் அடைக்கும் முதல் இடம் பெரும்பாலும் பவர் ஸ்டியரிங் ஒயில் கூலர்தான். பிறகு இஞ்சின் சூடேறுகிறது என்று எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

கேபிள்தான் குற்றவாளி என்று தெரிந்தால் உங்களுக்கு நல்ல காலம். பின்னால் வால்வோடு சேரும் இடத்தில் கேபிளைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் கனத்தால் கேபிள் போய்விட்டது. நம் ஒன்ராறியோவில் கேபிளைக் கொல்வது பனிக்காலம். கேபிள் முனைக்குள் தண்ணீர் இறங்கி, உள்ளே துருவேறி, மே மாதம் சக்கரத்தைத் தொட்டால் அசையாது. சுத்தியலால் தட்டி அசைத்துவிடலாம், ஆனால் அந்தக் கேபிளை அதற்குப் பிறகு நம்பக்கூடாது. கேபிளுக்கு உள்ளே கிறீஸ் அடித்துக் காப்பாற்றவும் வழி கிடையாது. முனைத் தண்டுக்கு மட்டுந்தான் கிறீஸ். அதையும் தண்டு முழுதாக உள்ளே இழுபட்டிருக்கும்போதுதான் அடிக்க வேண்டும். வெளியே நீண்டிருக்கும்போது அடித்தால் கிறீஸ் உள்ளே அடைபட்டு ஸ்டியரிங்கையே பூட்டிவிடும்.

கேபிள் வாங்கும்போது ஹெல்மையும் சேர்த்து வாங்குங்கள். இருபத்தைந்து வருடம் தாண்டிய பழைய ஹெல்மில் புதுக் கேபிளைப் பூட்டுவது சிக்கனம் போலத் தெரியும், ஆட்டம் பாதி மிச்சம் இருக்கும். முன்பு டெலிஃப்ளெக்ஸ் என்ற பெயரில் வந்தவை இப்போது டொமெட்டிக்கின் கீழ் விற்பனையாகின்றன. ஹெல்மும் கேபிளும் ஒரே பெட்டியில் சில நூறு டொலருக்குள் கிடைக்கும். பழைய கேபிளின் கறுப்பு உறையில் பாக எண் அச்சிட்டிருக்கும். அதன் கடைசி இரண்டு இலக்கம் வழக்கமாக நீளம், அடியில். அழிந்திருந்தால் தயாரிப்பாளரின் அளவு முறைப்படி அளந்து வாங்குங்கள். கண்மதிப்பில் ஒரு அடி குறைத்து வாங்கினால் திருப்பத்தில் இழுபடும். வளைவுகளை 8 அங்குல ஆரத்துக்குக் குறையாமல் விடுங்கள். டாஷ்போர்டுக்குக் கீழே அவசரத்தில் மடக்கிவிட்ட ஒரு வளைவு புதுக் கேபிளையே பழையதாக்கிவிடும்.

ஆனால், நான் ஊகிப்பது கேபிளை அல்ல. கால் சுற்று ஆட்டமும் இந்த வயதும் சேர்ந்தால், அல்ஃபா வன் டிரைவில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிம்பல் றிங். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சுவிவல் ஷாஃப்டின் கீழ்ப்பகுதி சதுரமாக இருக்கும். கிம்பல் றிங்கின் உச்சியில் சதுரத் துளை. ஷாஃப்ட் எஃகு, றிங் அலுமினியம். வளையத்தின் உச்சியில் ஒரு பிளவு விட்டு, மாதிரியைப் பொறுத்து இரண்டு போல்டாலோ ஒரு யூ-போல்டாலோ அந்தச் சதுரத்தை இறுக்கிப் பிடித்திருப்பார்கள். உங்கள் நண்பர் சொன்ன ‘இரண்டு நட்டு’ இதுதான். அவர் சொன்னது பிழையில்லை. ஒவ்வொரு வருடமும் இந்த நட்டுகளின் இறுக்கத்தைப் பார்க்கும்படி கையேடே சொல்கிறது. பலர் பார்ப்பதில்லை. நட்டு தளர்ந்து, அப்படியே ஓடி, ஷாஃப்ட் துளைக்குள் தட்டித் தட்டி அலுமினியத்தைத் தின்றுவிடுகிறது. துளையின் மூலைகள் உருண்டு போன பிறகு நட்டை இறுக்குவது, பிடி தேய்ந்த மண்வெட்டிக்கு ஆப்பு அடிப்பது போல. இரண்டு கொத்துக்குப் பிடிக்கும், மூன்றாவதில் மறுபடி ஆடும்.

ஆகவே முதலில் நண்பர் பேச்சைக் கேளுங்கள். டிரைவை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பினால் நட்டுக்குப் போக வழி கிடைக்கும். இறுக்க அளவைக் காட்டும் டோர்க் ரென்சால் இறுக்குங்கள், கைக்கணக்கு வேண்டாம். 50 முதல் 55 அடி-பவுண்டு அளவில் வரும், உங்கள் தொடர் எண்ணுக்கான கையேட்டில் சரியான அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இறுக்கும்போது அந்தப் பிளவைக் கவனியுங்கள். பிளவில் இன்னும் இடைவெளி இருந்து, நட்டு நன்றாக இறுகி, ஆட்டமும் நின்றுவிட்டால் தப்பித்தீர்கள். சில மணி நேரம் ஓடிவிட்டு இறுக்கத்தை மறுபடி அளந்து பாருங்கள். பிளவின் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று முட்டிவிட்டது, இனி இறுக இடமில்லை, ஆட்டம் அப்படியே இருக்கிறது என்றால் றிங் போய்விட்டது. அதோடு உள்ளே ட்றான்சம் தட்டில், லீவருக்கு நேர் கீழே, துருநிறக் கோடு ஒன்று வழிந்து இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஷாஃப்டின் சீலும் புஷ்ஷும்கூடத் தேய்ந்து தண்ணீர் உள்ளே வருகிறது. ஓடிவிட்டு வரும்போதெல்லாம் படகின் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்பதற்கும் அது காரணமாக இருக்கலாம்.

றிங் மாற்றுவதற்கு டிரைவைக் கழற்ற வேண்டும். ஆறு நட்டுத்தான், ஆனால் டிரைவ் பாரமானது, தனி ஆளாகத் தூக்கப் போகாதீர்கள். கியரை முன்னோக்கில் போட்டுவிட்டுக் கழற்றுங்கள். றிங்குக்கும் டிரைவுக்கும் இடையில் இருக்கும் பெல் ஹவுசிங்கும் வரவேண்டும். அப்புறம்தான் சிக்கல். ஷாஃப்டை இறக்க மேலே லீவரின் நட்டைக் கழற்ற வேண்டும், அந்த நட்டுக்கு முன்னால் இஞ்சின் நிற்கிறது. தொழிற்சாலை முறைப்படி இஞ்சினை வெளியே எடுத்து, உள் தட்டைக் கழற்றி, முழு ட்றான்சம் தொகுதியையும் இறக்கிச் செய்ய வேண்டும். காணொளியில் பார்த்தது அதுதான். மற்ற வழி, ட்றான்சத்தின் வெளிப்பக்கம் பூட்டியிருக்கும் கிம்பல் ஹவுசிங்கின் மேற்பக்கத் தோள்களில் குறித்த இடத்தில் துளை வெட்டி, அதற்குள்ளால் நட்டையும் லீவரையும் கழற்றி வேலையை முடித்து, பிறகு திருகு மூடிகளால் அடைப்பது. அதற்கென்று துளை அச்சும் மூடிகளும் சேர்ந்த பொதிகள் விற்பனையில் உண்டு.

இரண்டில் எது? இஞ்சின் நன்றாக ஓடுகிறது, ட்றான்சம் கெட்டி, இஞ்சின் மவுண்டும், இஞ்சினை டிரைவோடு இணைக்கும் கப்ளரும் நல்ல நிலையில் என்றால் துளை வழியில் எனக்கு ஆட்சேபனை இல்லை. இதைச் செய்து பழகியவரிடம் மட்டும் கொடுங்கள். துளை ஒரு விரல் தள்ளிப் போனால் ஹவுசிங்கே வீண், பிறகு இஞ்சினை எப்படியும் இறக்கத்தான் வேண்டும். இஞ்சினில் வேறு வேலையும் காத்திருக்கிறது என்றால் தயங்காமல் இறக்குங்கள். கூலி கூடும்தான், ஆனால் பாகங்களின் விலையைவிடக் கூலிதான் இந்த வேலையின் பெரிய பங்கு. அதே கூலியில் மற்ற வேலைகளும் முடிந்துவிடும்.

எந்த வழியானாலும் றிங்கை மட்டும் மாற்றாதீர்கள். ஷாஃப்ட், புஷ்கள், சீல், கீழே இருக்கும் சுவிவல் பின் எல்லாம் புதிதாகப் போகட்டும். தேய்ந்த ஷாஃப்டில் புது றிங்கைப் பூட்டினால் இரண்டு பருவம்கூடத் தாங்காது. டிரைவ் வெளியே இருக்கும்போதே கிம்பல் பெயாறிங், தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் பெலோஸ் என்ற மடிப்பு றப்பர்கள், யூ-ஜொயின்ற், கியர் கேபிள், இம்பெல்லர் எல்லாவற்றையும் பாருங்கள். மடிப்பு றப்பரின் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள். வெளியிலிருந்து கறுப்பாக, நல்லதாகத் தெரியும். மடிப்பின் அடியில் முடி அளவு வெடிப்பு ஓடியிருக்கும். அது கிழிந்தால் படகு தாழும்.

துளை போட்டு போல்ட் செருகும் காணொளியை நானும் பார்த்திருக்கிறேன். ஷாஃப்டும் றிங்கும் சேரும் இடத்தில் குறுக்கே துளைத்து ஒரு போல்டை அறைகிறார்கள். ஆட்டம் உடனே நின்றுவிடும், அதனால்தான் கீழே அவ்வளவு நன்றிக் குறிப்புகள். படகைத் திருப்பும் விசை முழுவதையும் தாங்கும் ஒரே தண்டின் நடுவைத் துளைத்துப் பலவீனமாக்கிவிட்டுப் பிள்ளைகளை ஏற்றச் சொல்கிறார்கள். வெல்டிங் வைப்பவர்களும் இருக்கிறார்கள், அடுத்த முறை கழற்றும்போது எல்லாவற்றையும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். இரண்டும் வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் ட்றான்சத்தைச் சோதியுங்கள். 1998 காலத்துப் படகுகளில் ஃபைபர் கிளாஸுக்கு நடுவே பெரும்பாலும் மரப்பலகைதான் இருக்கிறது. டிரைவைக் கொஞ்சம் உயர்த்தி வைத்து, வாலில் உங்கள் பாரத்தைக் கொடுத்து மேலும் கீழுமாக அழுத்துங்கள். இன்னொருவர் டிரைவைப் பிடித்திருக்கும் தட்டுக்கும் படகின் சுவருக்கும் இடையிலான விளிம்பைப் பார்க்கட்டும். தட்டு சுவரோடு சேர்ந்து நெளிந்தாலோ, விளிம்பில் தண்ணீர் கசிந்தாலோ பலகை உக்கிவிட்டது. அப்படியானால் கிம்பல் றிங்குக்கு ஒரு சதமும் செலவழிக்காதீர்கள். ட்றான்சம் திருத்துகிற செலவு இந்த வயதுப் படகின் விலையையே தாண்டிவிடக்கூடும். அந்த முடிவை வேறாக இருந்து யோசிக்க வேண்டும்.

ஹைட்றோலிக் எப்போது நல்லது என்று கேட்பீர்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய டிரைவ், இரட்டை இஞ்சின், மேலும் கீழுமாக இரண்டு ஓட்டுமிடம், கேபிள் மிக நீளமாகச் சுற்றிப் போகும் பெரிய படகு, இவற்றில் அது அருமையான விஷயம். 19 அடி, ஒற்றை இஞ்சின், பவர் ஸ்டியரிங் ஏற்கெனவே இருக்கும் படகில், நல்ல கேபிளுக்கும் ஹைட்றோலிக்குக்கும் உங்கள் கை உணரும் வித்தியாசம் செலவுக்கு ஈடாகாது. சக்கரம் தானாகத் திரும்பாமல் தடுக்கும் ஹெல்ம் வகையைப் பற்றியும் கடையில் சொல்வார்கள். பவர் ஸ்டியரிங் இருப்பதால் அதிலும் உங்களுக்குப் பெரிய இலாபமில்லை. எல்லாம் திருத்திய பிறகும் வேகத்தில் படகு ஒரு பக்கம் இழுத்தால், டிரைவின் கிடைத் தகட்டுக்குக் கீழே புறொப்பெல்லருக்கு மேல் இருக்கும் சிறு செட்டையைத் தளர்த்தித் திருப்பலாம். வலப்பக்கம் இழுத்தால் செட்டையின் பின்முனையை வலப்பக்கம் கொஞ்சம் நகர்த்த வேண்டும், இடப்பக்கத்துக்கு இடப்பக்கம். ஒரே நேரத்தில் நிறைய நகர்த்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து ஓடிப் பாருங்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஏப்ரலில் கராஜுக்குக் கொண்டுபோனால் மே, ஜூன் முழுவதும் வரிசையில் நிற்பீர்கள். படகை ஒக்ரோபரில் ஏரியிலிருந்து எடுக்கும்போதே இந்தச் சோதனைகளைச் செய்து, எடுத்த காணொளியையும் காட்டி, குளிர்கால வேலையாக முன்பதிவு செய்துவிடுங்கள். பாகம் தேடும்போது இஞ்சின் எண்ணைக் கொடுக்காதீர்கள். உங்கள் படகில் மூன்று தொடர் எண்கள் இருக்கின்றன: இஞ்சினுக்கு ஒன்று, டிரைவுக்கு ஒன்று, ட்றான்சம் தொகுதிக்கு ஒன்று. கிம்பல் றிங்கும் ஷாஃப்டும் ட்றான்சம் எண்ணுக்குத்தான் வரும். உள்ளே தட்டில் ஒட்டியிருக்கும் அந்தச் சிட்டை உரிந்து போவதற்குள் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.